86 வெள்ளி 20 காசு

கேள்வி:

அம்மா, வணக்கம். எனக்கு வயது 27. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். செம்பனை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. சம்பளம் 2,100 வெள்ளி (ரிங்கிட்). கார் தவணைக்கு 480, வீட்டில் அம்மாவுக்கு 500 போய்விடும்.

எட்டு மாதமாக ஒரு பெண்ணோடு பழகி வருகிறேன். அவளும் எங்கள் ஊர்தான். ஈப்போவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறாள். என்னைவிடக் கூடுதலாகவே சம்பாதிக்கிறாள். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஈப்போவில்தான் சந்திக்கிறோம். செலவு முழுவதும் என்னுடையது. ஆரம்பத்தில் ஒரு முறை அவள் பணம் எடுத்தாள். ‘நான் இருக்கும்போது நீ எடுப்பதா’ என்று தடுத்துவிட்டேன். அதன்பிறகு அவள் எடுத்ததே இல்லை.

போன மாதம் அவளுக்குப் பிறந்தநாள். காலை வேலையை முடித்துவிட்டு வந்தாள். 1,399 வெள்ளி விலையுள்ள கைப்பேசியைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்தேன். நல்ல உணவகத்தில் சாப்பிட்டோம். பில் 172 வெள்ளி 40 காசு. பிறகு சீனிவாசகம் பூங்கா அருகே காரை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் நெருங்கினேன். ‘இப்போது வேண்டாம்’ என்று விலகிக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால், ‘இவ்வளவு செய்கிறேன், இதுகூடக் கிடையாதா’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மருத்துவமனையில் நிறுத்தியிருந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழக்கம்போல அவள் வீட்டு முனைவரை காரில் பின்னாலேயே வந்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை என் கணக்கில் 86 வெள்ளி 20 காசு வந்திருந்தது. குறிப்பில் ‘சாப்பாடு’ என்று ஒரே சொல். அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் அனுப்புகிறாள்.

நண்பர்கள் என்னை ஏமாளி என்கிறார்கள். என் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கும் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். மொத்தம் 4,260 வெள்ளி. பினாங்குக்குப் போனபோது ஓய்வுக்காலத்துக்கான சேம நிதியிலிருந்துகூட 300 வெள்ளி எடுத்தேன். இவ்வளவு செய்கிறவன் கொஞ்சம் நெருக்கத்தை எதிர்பார்ப்பது தவறா? கைப்பேசியைத் திருப்பிக் கேட்கலாமா? அவள் பணம் அனுப்பியதற்கு என்ன அர்த்தம்?

– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் கிடக்கிறது.

172 வெள்ளி 40 காசில் சரிபாதி 86 வெள்ளி 20 காசு. நீங்கள் அந்தப் பில்லை அவரிடம் நீட்டியிருக்க மாட்டீர்கள். தட்டில் வைத்ததை அவராகவே பார்த்திருக்கிறார். அந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் மோட்டார் ஓட்டி வீட்டுக்குப் போய், விடிந்ததும் இரண்டால் வகுத்திருக்கிறார். முழுதாக 90 அனுப்பியிருக்கலாம், 100 அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. என்னைக் கேட்டால் அந்த 20 காசில்தான் விஷயம் இருக்கிறது. கோபத்தில் எறிகிறவர்கள் கூடுதலாக எறிவார்கள். பிரியமாகக் கொடுக்கிறவர்கள் சில்லறை பார்ப்பதில்லை. காசு பிசகாமல் அனுப்புகிறவர், இனி நமக்குள் பாக்கி ஒன்றும் இல்லை என்கிறார்.

(நீங்கள் ‘அவள்’ என்று எழுதுகிறீர்கள். அது உங்கள் உரிமை. எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, அதனால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.)

கைப்பேசியின் விலையில் பாதியை அவர் அனுப்பவில்லை என்பதையும் பாருங்கள். பினாங்குப் பயணத்துக்கும் அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பணம் வந்திருக்கிறது. ஏன்? அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நீங்கள் விலை சொன்னீர்கள். ‘இவ்வளவு செய்கிறேன், இதுகூடக் கிடையாதா’ என்று காரில் நீங்கள் நீட்டியது ஒரு பில். அவர் கட்டிவிட்டார்.

நெருங்க நினைத்ததற்காக உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. எட்டு மாதம் பழகிய பெண்ணின் கையைப் பிடிக்க 27 வயதில் ஆசை வராவிட்டால்தான் நான் வேறு மாதிரியான பதில் எழுத வேண்டியிருக்கும். வேண்டாம் என்றதும் நிறுத்திக்கொண்டீர்கள். அது சரி. அதற்காகப் பாராட்டு எதிர்பார்க்க வேண்டாம். அது செய்ய வேண்டியதுதான். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கில் பலவந்தமாகத் தொடுகிறவனுக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 354-ஆவது பிரிவு. அன்றைய சாப்பாட்டுக்கு யார் பணம் கட்டினார்கள் என்ற கேள்வி அந்தப் பிரிவில் எங்கும் கிடையாது.

அவர் சொன்னது ‘இப்போது வேண்டாம்’. நீங்கள் ‘வேண்டாம்’ என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நொந்துபோனீர்கள். நானும் ‘இப்போது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு உங்களுக்கு நம்பிக்கை ஊட்டப் போவதில்லை. காலை வேலைக்குப் போகும் தாதி விடியும் முன்பே எழுந்து, இருட்டில் மோட்டார் ஓட்டி, பகல் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். களைப்பாக இருந்திருக்கலாம். பூங்கா ஓரத்தில் நிறுத்திய காரின் கண்ணாடியை யாராவது தட்டுவார்களோ என்று பயந்திருக்கலாம். உங்கள்மீது அப்படிப்பட்ட எண்ணம் இன்னும் வராமலும் இருக்கலாம். இனி வராமலே போகவும் கூடும். எது என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் கேட்டது அதை அல்லவே, தம்பி. செலவைத்தானே கேட்டீர்கள்?

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதைப் படித்ததும் என் அம்மாவின் மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழ்களோடு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தொகை. யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் முதல் நாள் இரவு அந்த டின் திறக்கும். ‘அவர்கள் நமக்கு முப்பது வைத்தார்கள், நாம் ஐம்பதாவது வைக்க வேண்டும்’ என்பார் அம்மா. மொய் அன்பளிப்பும்தான், கடனும்தான். அதில் ஒளிவுமறைவு கிடையாது. மண்டப வாசலில் மேசை போட்டு, நாலு பேர் பார்க்க எழுதுகிறார்கள். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பணமாகப் போனது பணமாகவே திரும்பும். முப்பது வெள்ளி மொய் வைத்தவர் அதற்கு ஈடாக மாப்பிள்ளையின் சட்டையைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் கைப்பேசியில் இருப்பதும் மொய் நோட்டுதான். ஆனால் எழுதப்படுவது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. திரும்பி வர வேண்டியது என்ன என்பதும் தெரியாது. எப்போது என்பதும் தெரியாது. எட்டு மாதமாக அவர் விருந்து என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் கடன் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றிரவு காரில் அந்த நோட்டை முதன்முறையாகப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

பட்டியலை நான் இனம் பிரித்துக் கூட்டினேன். சாப்பாடு 1,310. பெட்ரோல், டோல், கார் நிறுத்தும் கட்டணம் 1,020. சினிமா 220. பினாங்கில் மற்றச் செலவுகள் 311. கைப்பேசி 1,399. இதில் 1,020 என்ற எண்ணில்தான் வெகுநேரம் நின்றேன். நீங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரு தேநீர் குடிக்க நீங்கள் காரில் முப்பது கிலோமீட்டர் போகிறீர்கள், அவர் மோட்டாரில் முப்பது கிலோமீட்டர் வருகிறார், பிறகு இரண்டு வண்டியும் அதே பாதையில் திரும்புகின்றன. இதைக் காதல் செலவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். என் கணக்கில் அது ஒளிவதற்கான செலவு. சாப்பாட்டிலும் பாதியை இதில்தான் சேர்ப்பேன். நம் ஊர் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாக இரண்டு பேர் பத்து வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்று மாலைக்குள் அவர் அம்மாவின் காதுக்குப் போய்விடும். அதனால் யாரும் அறியாத ஊரில், குளிரூட்டப்பட்ட கடையில், ஒரு மேசையை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறீர்கள். பெயர்தான் சாப்பாடு.

அப்படி ஒளிவதற்கு அவரும் கட்டுகிறார். அவருடைய பெட்ரோல் உங்கள் நோட்டில் இல்லை. வீட்டில் சொல்லும் பொய்கள் இல்லை. நாளை யாராவது பார்த்துவிட்டால் உங்களை ‘பையன் கொஞ்சம் சுற்றுகிறான்’ என்பார்கள். அவரைப் பற்றிச் சொல்வது வேறாக இருக்கும், அது பெண் பார்க்க வரும் வீடுவரை போகும். தோட்டப்புறத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வரியையும் சேர்த்துக் கூட்டினால் 4,260 என்பது எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். ‘நான் இருக்கும்போது நீ எடுப்பதா.’ இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? பெரியவர்களிடமிருந்து என்று நினைத்தால் தவறு. நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் அந்தப் பழக்கம் இருந்ததில்லை. இருக்கவும் வழியில்லை. என் பாட்டியும் தாத்தாவும் ஒரே பெரட்டில் (காலைப் பேர்ப்பதிவில்) பேர் கொடுத்து, விடியும் முன் நிரைக்கு (ரப்பர் மர வரிசைக்கு) வேலைக்குப் போனவர்கள். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் நிலையான நாட்கூலி வகுத்தபோது, பல மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40, 32 என்று ஆனது. பெண் என்பதற்காகக் கூலியில் காசைக் குறைத்தார்கள், அது அநியாயம். ஆனால் பெண்ணின் கையில் அவளுடைய சம்பாத்தியம் இருந்தது. கடைப்பற்று, அதாவது மளிகைக் கடன், இருவருக்கும் பொதுவாக இருந்தது. சம்பள நாளில் ஆண் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பினால், பெண்ணின் அந்த 32 காசில்தான் அரிசி வந்தது. ஆண் சம்பாதிக்க, பெண் அலங்கரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் காட்சியை நாம் பட்டணத்திலிருந்தும் திரையிலிருந்தும் கொண்டுவந்தோம். இரவல் சட்டை உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது பாட்டன் சொத்து என்று சொல்ல வேண்டாம்.

அவர் பணத்தை எடுத்தபோது நீங்கள் தள்ளிவிட்டது அவருடைய கையை. அவர் நீங்கள் சொன்னபடி நடந்துகொண்டார், அவ்வளவுதான். கதவைச் சாத்தியவரே ஒருவரும் உள்ளே வரவில்லை என்று வருத்தப்படலாமா?

கையில் சம்பளம் இருந்தும் பையைத் திறக்காத பெண்கள் இல்லையா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களிலும் இருந்திருக்கிறார்கள், முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் பெண் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. காசு பிசகாமல் அனுப்பியவராயிற்றே.

பணக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் எரிச்சலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். 2,100 வெள்ளியில் சேம நிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 231 வெள்ளி போகும். சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோவையும் வேலைக் காப்புறுதியையும் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,850. காருக்கும் அம்மாவுக்கும் 980 போனால் மீதி 870. கைப்பேசியைச் சேர்க்காமலே மாதம் சராசரி 358 வெள்ளி ஈப்போவில் செலவாகியிருக்கிறது. இனிமேல் கைப்பேசித் தவணைக்குக் குறைந்தது 117. மிச்சம் 395 வெள்ளி. அதற்குள்தான் வேலைக்குப் போய்வரும் பெட்ரோல், உங்கள் சாப்பாடு, காரின் சாலை வரி, காப்புறுதி எல்லாம். ஒரு டயர் வெடித்தால் மாதம் கவிழ்ந்துவிடும். இந்த நிலையில் 172 வெள்ளிப் பில்லுக்குச் சிரித்த முகத்தோடு கார்டை நீட்டுகிறவனுக்கு உள்ளே எரியத்தான் செய்யும். அந்த எரிச்சல் தப்பான இடத்தில் போய் விழுந்துவிட்டது.

சேம நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மே 11 முதல் நம் சந்தாவில் பத்து விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. 50 வெள்ளி இருந்தாலே எடுக்கலாம். அவசரத்துக்கு என்று திறந்த வாசல் அது. பினாங்கில் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதற்கு இல்லை. எனக்குக் கோபம் வந்தது இந்த ஒரு இடத்தில்தான். 60 வயதில் நீங்கள் கேட்கப்போகும் பணத்தை எடுத்து, 27 வயதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று காட்டியிருக்கிறீர்கள். தவணைகள் கைமீறுவதாகத் தோன்றினால் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போவதற்கு முன்பு ஏகேபிகேயை நாடுங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அமைப்பு. கடன் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை, ஈப்போவிலேயே போய்ப் பேசலாம்.

கைப்பேசியைக் கேட்காதீர்கள். பிறந்தநாளுக்குக் கொடுத்தது, கொடுத்ததுதான். அவராகத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், முகத்தைச் சுளிக்காமல். இந்த உறவு நிலைத்தாலும் முறிந்தாலும் தவணை உங்களுடையது.

அந்த 86 வெள்ளி 20 காசைத் திருப்பி அனுப்பத் துடிப்பீர்கள். வேண்டாம். ஒரு முறை கையைத் தள்ளிவிட்டது போதும். ‘கிடைத்தது, நன்றி. அன்று காரில் நான் பேசியது தவறு. நீ எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை’ என்று எழுதுங்கள். இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள், குறிப்பாக ‘ஆனால்’ என்று தொடங்கும் வரியை. அவர் பதில் எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டாலும் காத்திருங்கள். தாதி வேலையில் ஷிப்ட் மாறும். உங்கள் பதற்றத்துக்கு ஏற்ப அவருடைய அட்டவணை மாறாது.

சந்திக்கச் சம்மதித்தால் உங்கள் சம்பளத்தைச் சொல்லிவிடுங்கள். வெட்கம் எதற்கு? அந்தக் காலத்துத் தோட்டத்தில் சம்பள நாளன்று கிராணி (தோட்ட எழுத்தர்) பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிக் கொடுப்பார். யாருக்கு எவ்வளவு என்பது வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். உங்கள் ஊர்க்காரரான, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து, ‘உன்னால் எவ்வளவு முடியும், என்னால் எவ்வளவு முடியும்’ என்று பேசிப் பேசி வாங்கிய நிலம் அது. அந்த மக்களின் பேரன், தனக்குப் பிடித்த பெண்ணிடம் ‘மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் ஈப்போவில் சாப்பிட என்னால் முடியாது’ என்று சொல்ல எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

யார் கட்டுவது என்பதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. காசு பிசகாமல் பாதி பாதியாகப் பிரிப்பது எனக்குப் பிடித்ததில்லை. அது விருந்தை வரவு செலவாக்கிவிடும். நம்மவர்களுக்கு முறைமாற்றிச் செய்வதுதான் சரிவரும் என்று நினைக்கிறேன். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர்; கட்டுகிறவரே கடையைத் தேர்ந்தெடுப்பார். ‘போன தடவை நீ, இந்தத் தடவை நான்’ என்னும்போது அடுத்த தடவை ஒன்று இருக்கிறது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. அவர் முறை வரும்போது 15 வெள்ளிக் கடைக்கு அழைத்துப் போனாலும் சரி, 150 வெள்ளிக் கடைக்குப் போனாலும் சரி, நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கள். ஆனால் ஒருவர் விலகிப்போக நினைத்தால், தன் பங்கைத் தானே கட்டிவிட்டு எழும் உரிமை அவருக்கு வேண்டும். பிறந்தநாளுக்கு மறுநாள் அவர் செய்தது அதைத்தான் என்றால், அதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் திரும்பி வருவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

நெருக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அதைத் தனியாகப் பேசுங்கள். சாப்பிட்டு முடித்த கையோடு வேண்டாம், பரிசு கொடுத்த அன்றும் வேண்டாம், நிறுத்திய காருக்குள் வேண்டவே வேண்டாம். ‘எனக்கு உன்மீது விருப்பம். உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை இருங்கள். இதே கேள்வியை முதல் மாதமே கேட்டிருந்தால் 4,260 வெள்ளியில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பது என் சந்தேகம். வாய் சொல்ல வேண்டியதைப் பில்லை விட்டுச் சொல்லச் சொன்னீர்கள். அதுவும் தனக்குத் தெரிந்த பாஷையில்தானே சொல்லும்?

கடைசியாக, உங்கள் பட்டியலில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று. எட்டு மாதமாகச் சந்தித்த ஒவ்வொரு இரவும் காந்தான், செம்மோர் பக்கம் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில், அவருடைய மோட்டாருக்குப் பின்னால், அவருக்கு வழி தெரியும்படி விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகவே வந்திருக்கிறீர்கள். கோபமாக இருந்த அன்றும் வந்தீர்கள். அதற்கு நீங்கள் தொகை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர் அதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். மோட்டாரின் கண்ணாடியில் பின்னால் வரும் வெளிச்சம் தெரியும்.

மீண்டும் சந்தித்தால், திரும்பும்போது அதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ‘பின்னாலேயே வரட்டுமா?’ என்று.